மயிரிழைக் கோடும் மூன்று சுழி ‘ண’வும்

கல்யாணப் பத்திரிகை, அரங்கேற்ற அழைப்பிதழ், நகைப்பெட்டி, பட்டுப்புடவைக் கடையின் பை என்று கொஞ்சம் ‘கிளாஸாக’ இருக்கவேண்டிய எதை எடுத்தாலும் ஆங்கிலப் பெயர் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். நிற்கும் கோடு தடியாக இருக்கும். குறுக்குக் கோடு தலைமுடி போல மெலிந்திருக்கும். கோட்டின் அடியிலும் தலையிலும் பிளேடால் சீவி ஒட்டியது போன்ற தட்டையான சிறு கோடு, அதாவது செரிஃப். போடோனி, டிடோ, வால்பாம் என்று பல பெயர்களில் வரும் இந்த வகைக்கு டிடோன் என்று பெயர். டிடோ, போடோனி இரண்டு பெயர்களையும் சேர்த்து 1954-இல் பிரெஞ்சு அச்சுக்கலைஞர் மாக்சிமிலியன் வோக்ஸ் வகுத்த பிரிவு அது.

இந்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதன் தடித்த கோட்டைப் பார்த்து மயங்குகிறார்கள். பார்க்கவேண்டியது மெல்லிய கோட்டை. எந்த அளவில், எந்தத் தாளில், எந்த முறையில் அச்சிடலாம், பக்கத்தில் தமிழை எப்படி வைக்கலாம் என்பதையெல்லாம் அந்த மயிரிழைதான் தீர்மானிக்கிறது. அதை அளக்காமல் ஃபான்டை எடுத்தால் திரையில் தேவதையாகத் தெரிந்தது தாளில் எலும்பு உடைந்து வரும்.

மெலிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் குணம் புரியும். பழைய ரோமன் எழுத்துகள் பட்டைமுனைப் பேனாவின் பிள்ளைகள். பேனாவைச் சாய்த்துப் பிடிப்பதால் தடிப்பும் சாய்ந்தே விழும். ஆங்கில ‘ஓ’ (O) எழுத்தின் மெலிந்த இடம் சற்று இடப்பக்கம் சரிந்திருக்கும். டிடோன் கூர்முனைப் பேனாவின் வழி வந்தது. கீழ்நோக்கி அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும். பக்கவாட்டில் இழுத்தால் மெலியும். அதனால் தடிப்பு நேர் நிற்கும். ‘ஓ’வின் உச்சியும் அடியும் மட்டும் மெலியும். செப்புத்தகட்டில் செதுக்கிய எழுத்துகளின் கூர்மையும் இதில் சேர்ந்துகொண்டது.

ஆனால் பேனாவில் வருவது ஈய எழுத்தில் வருவதற்கு நல்ல தாள் வேண்டும். இங்கிலாந்தின் ஜான் பாஸ்கர்வில் 1757-இல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூலை அச்சிட்டபோது தாளைச் சூடான தகடுகளுக்கு இடையில் அழுத்தி வழுவழுப்பாக்கினார், மையையும் மாற்றினார். அதற்குப் பிறகுதான் கோட்டை இன்னும் மெலிய விடும் துணிச்சல் வந்தது. பாரிஸில் ஃபிர்மான் டிடோ 1784 வாக்கில் வெட்டிய எழுத்து இந்த வகையின் தொடக்கம். இத்தாலியின் பார்மா நகரில் ஜாம்பாட்டிஸ்டா போடோனி அதே வழியில் வாழ்நாள் முழுக்க வெட்டிக் குவித்தார். அவருடைய எழுத்துகளின் பெருந்தொகுப்பை அவர் இறந்து 5 ஆண்டுகள் கழித்து, 1818-இல், அவருடைய மனைவி வெளியிட்டார். இருவருக்கும் வேறுபாடு உண்டு. டிடோ குளிர்ந்த, கணக்குப் பிசகாத எழுத்து. போடோனியின் அசல் எழுத்தில் செரிஃப் தண்டோடு சேரும் இடத்தில் துளி வளைவு இருக்கும், கொஞ்சம் சதைப்பற்று. கல்யாணப் பத்திரிகைக்கு எதை எடுப்பது என்று கேட்டால் போடோனி என்பேன். டிடோவின் குளிர் நகைக்கும் வாசனைத் திரவியத்துக்கும் பொருந்தும். அப்பா அம்மா பெயர் போட்டு ஊரை அழைக்கும் தாளுக்குச் சற்று விறைப்பு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளவேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவையும் தனித்தனியாக வெட்டினார்கள். எழுத்தின் அளவைப் பாயின்டில் சொல்வார்கள், 72 பாயின்ட் ஓர் அங்குலம். 6 பாயின்ட் எழுத்தில் மெல்லிய கோடு தடித்திருக்கும், இடைவெளி கூடியிருக்கும். 72 பாயின்டில்தான் மயிரிழை முழுதாக மெலியும். பிற்காலத்தில் ஒரே வரைபடத்தை எல்லா அளவுக்கும் பெருக்கவும் சுருக்கவும் தொடங்கியதும் அந்த அக்கறை போய்விட்டது. டிடோன்கள் ‘படிக்க முடியாத எழுத்து’ என்று கெட்ட பெயர் வாங்கியதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மேக் கணினியில் ‘போடோனி 72’ என்று ஒரு ஃபான்ட் கூடவே வருகிறது. பெயரில் உள்ள எண் அலங்காரம் அல்ல. 1994-இல் ஐடிசி நிறுவனம் 6, 12, 72 என்று மூன்று அளவுகளுக்குத் தனித்தனியாக வரைந்த போடோனியில் அது 72 பாயின்டுக்கு உரியது. அதை எடுத்து 10 பாயின்டில் முகவரி அடித்தால் கோடு உடைவது ஃபான்டின் குற்றம் ஆகாது. ஹார்பர்ஸ் பஜார் இதழுக்காக ஜோனதன் ஹோஃப்லர் வரைந்த டிடோ 6 முதல் 96 வரை ஏழு அளவுகளில் இருக்கிறது. காசில்லாமல் வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள போடோனி மோடா நல்ல தேர்வு. அதன் வேரியபிள் கோப்பில், எந்த அளவுக்கான வடிவம் வேண்டும் என்று சொல்லும் ‘ஆப்டிகல் சைஸ்’ அமைப்பு 6 முதல் 96 வரை நகரும். 9 பாயின்ட் முகவரிக்கு 9 அருகிலும், 60 பாயின்ட் பெயருக்கு 60 அருகிலும் நீங்களே நகர்த்தி வையுங்கள். மென்பொருள் தானாகச் செய்யும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். இதே தளத்தில் எல்லாரும் எடுக்கும் பிளேஃபேர் டிஸ்பிளே பெயரிலேயே தலைப்பு எழுத்து. தலைப்புக்கு அருமை, பத்தி பத்தியாக அடிக்க அது வரையப்படவில்லை.

இனி அளவை. எந்த வரைகலை மென்பொருளிலும் பெரிய ‘எச்’ எழுத்தை 1000 பாயின்டில் அடித்து அவுட்லைனாக மாற்றுங்கள். நடுக் குறுக்குக் கோட்டின் உயரத்துக்கு ஒரு சிறு செவ்வகம் வரைந்து அதன் உயரத்தைப் படியுங்கள். செரிஃபின் தடிமனையும் அப்படியே பாருங்கள். இரண்டில் சிறியது எதுவோ அதுதான் உங்கள் மயிரிழை. உதாரணத்துக்கு 12 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் 12 பங்கு. தலைப்புக்காக வரைந்த டிடோனில் இது சாதாரணம். இப்போது 24 பாயின்டில் அந்தக் கோடு 0.29 பாயின்ட், அதாவது 0.1 மில்லிமீட்டர். 10 பாயின்டில் 0.12 பாயின்ட், 0.04 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 600 புள்ளித் துல்லியம் உள்ள லேசர் பிரின்டரின் ஒரே ஒரு புள்ளிதான் அந்த அகலம். அந்தப் புள்ளி விழுந்தால் கோடு இருக்கும், விழாவிட்டால் இல்லை.

திருப்பிப் போட்டால் எந்த வேலைக்கும் மிகக் குறைந்த அளவு கிடைத்துவிடும்: அச்சு தாங்கும் மிகச் சிறிய கோட்டைப் பாயின்டில் எடுத்து, 1000-ஆல் பெருக்கி, உங்கள் மயிரிழை எண்ணால் வகுங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு ஆஃப்செட் அச்சுக்குப் பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்சக் கோடு 0.25 பாயின்ட். 250-ஐ 12-ஆல் வகுத்தால் 21 பாயின்டுக்குக் கீழே போகக்கூடாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் நாலாபுறமும் மை உள்ளே கசிந்து மயிரிழையைத் தின்னும், 0.5 பாயின்டாவது வேண்டும். அப்போது 42 பாயின்ட். சூட்டில் அழுத்தி ஒட்டும் தங்க ஃபாயிலுக்கும் 0.5-ஐத் தாழ்ந்த எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்; சொரசொரப்பான தாளில் இன்னும் கூட்டுங்கள். சிறிய அளவுக்கு வரைந்த போடோனியில் மயிரிழை 35 என்று வந்தால் அதே ஆஃப்செட்டில் 7 பாயின்ட் வரை இறங்கலாம். ஒரே பெயர், ஒரே குடும்பம். மூன்று மடங்கு வித்தியாசம்.

சிங்கப்பூரில் அச்சுக்கடைகள் நிறைந்த சன்ஷைன் பிளாசா பக்கம் கோப்பை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் நிறத்தையும் ஒருமுறை பாருங்கள். மெல்லிய கோடு உடைவதற்குப் பல நேரம் மையைக் கலந்த விதமும் காரணம். எழுத்தைச் சாம்பலாக்க 60% கறுப்பு போட்டால் அச்சில் அது சாம்பல் மையாக வராது. புள்ளிப் புள்ளியாக வரும். அங்குலத்துக்கு 175 வரிசை உள்ள ஸ்கிரீனில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.145 மில்லிமீட்டர். 24 பாயின்ட் எழுத்தின் மயிரிழையோ 0.1. புள்ளிகளின் இடைவெளியை விடக் கோடு மெல்லியது. கோடு போகவேண்டிய இடத்தில் எறும்பு வரிசை போகும். குங்குமச் சிவப்பை, மயில்நீலத்தை நான்கு வண்ணக் கலவையில் அடித்தால் இன்னொரு கேடு. நான்கு பிளேட்டில் ஒன்று 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒரு நிறத்தின் மயிரிழை இன்னொரு நிறத்தின் மயிரிழைக்குப் பக்கத்தில் போய் உட்காரும். தடித்த கோட்டில் ஒன்றும் தெரியாது. மெல்லிய கோடு மட்டும் வெளுத்து, இரட்டித்து நிற்கும். வழி ஒன்றுதான்: எழுத்துக்கு ஒரே மை. கறுப்பென்றால் 100% கறுப்பு மட்டும். வேறு நிறமென்றால் அந்த நிறத்திலேயே தனி மையாக வரும் பான்டோன் மை கேளுங்கள். கூடுதல் பிளேட்டுக்குப் பணம் கட்ட மனமில்லை என்றால் நிறத்தைப் பெரிய அலங்காரத்துக்குக் கொடுத்துவிட்டு எழுத்தைக் கறுப்பிலேயே விடுங்கள்.

தாளும் பேசும். பூச்சில்லாத பருத்தித் தாள் கையில் நன்றாக இருக்கும். ஆனால் மையை உறிஞ்சிப் பரப்பும். மயிரிழை சற்றுத் தடிப்பது நல்லதுதான். கூடவே ஆங்கிலச் சின்ன எழுத்து ‘இ’யின் (e) கண் அடைபடும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் இந்தத் தாள் இழைக்குக் குறுக்கே விரியும். குளிர்சாதன அறையில் அடுக்கி வைத்த தாளை வெளியே எடுத்து உடனே அச்சிட்டு, மறுநாள் அதன்மேல் ஃபாயில் அடித்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. அதனால் அச்சிட்ட மயிரிழையின் மேலேயே ஃபாயில் விழவேண்டும் என்ற வடிவமைப்பை இந்த ஊரில் தவிர்த்துவிடுங்கள். ஒரு வரி அச்சு, இன்னொரு வரி ஃபாயில் என்று பிரித்துவிட்டால் துளி நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது.

பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள் என்பதையும் முன்கூட்டியே நினைக்கவேண்டும். ஈர மஞ்சள் பூச்சில்லாத தாளில் நன்றாகப் பரவும். தண்ணீரில் கரையும் இங்க்ஜெட் மையாக இருந்தால் அருகில் உள்ள எழுத்தையும் இழுத்துக்கொண்டு போகும். மூலையிலிருந்து 15 மில்லிமீட்டர் வரை மெல்லிய எழுத்து எதுவும் வேண்டாம்.

பெயர் அடிக்கும்போது இடைவெளி. டிடோனில் பெரிய எழுத்துகளை நெருக்கி அடித்தால் வேலிக்கம்பு மாதிரி ஆகிவிடும். 50 முதல் 100 வரை டிராக்கிங் (எழுத்தளவின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் எழுத்திடைவெளி) கொடுத்தால் மூச்சு விடும். சின்ன எழுத்தைப் பெரிய அளவில் வைக்கும்போது நேர்மாறு; 10, 15 குறைக்கலாம். நம் பெயர்களில் ‘ஏ’யும் ‘வி’யும் ‘ஒய்’யும் அடுத்தடுத்து நிறைய வரும். காவ்யா, அவ்வை, வைதேகி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் தடித்த சாய்கோடு, மறுபக்கம் மயிரிழைச் சாய்கோடு. இரண்டு மயிரிழைகள் எதிரெதிராக வந்தால் நடுவில் பெரிய ஓட்டை தெரியும். இரண்டு தடித்த கோடுகள் வந்தால் முட்டிக்கொள்ளும். ஜோடி எழுத்துகளின் இடைவெளியைச் சரிசெய்யும் தானியங்கிக் கெர்னிங் இதைப் பாதிதான் சரிசெய்யும். மீதியைக் கண்ணால் செய்யவேண்டும். நிரஞ்சினி, மினி போன்ற பெயர்களைச் சின்ன எழுத்தில் அடித்தால் ஒரே மாதிரித் தண்டுகள் வரிசையாக நிற்கும். அவற்றை இணைக்கும் வளைவு மெலிந்து மறைந்தால் எது ‘என்’, எது ‘ஐ’ என்றே தெரியாது. அந்தப் பெயருக்கு முதல் எழுத்தை மட்டும் பெரிதாக வைப்பதை விட முழுவதும் பெரிய எழுத்தில் வைப்பது பிழைக்கும்.

சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கல்: பெயர் நடுவில் மகன், மகள் என்பதற்கு வரும் ‘எஸ்/ஓ’ (s/o), ‘டி/ஓ’ (d/o). டிடோன்களில் அந்தச் சாய்கோடும் பெரும்பாலும் மயிரிழைதான். சின்ன அளவில் அது போய்விட்டால் மணமகனின் பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவில் ‘சோ’ என்று ஒரு சொல் முளைத்துவிடும். அந்த மூன்று குறிகளை மட்டும் சிறிய அளவுக்கு வரைந்த வடிவத்தில் (இதை வெட்டு என்பார்கள்) போடுங்கள், யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அல்லது ‘மகன்’, ‘மகள்’ என்று தமிழ்ப் பக்கத்தில் எழுதிவிட்டு ஆங்கிலப் பக்கத்தில் தகப்பனார் பெயருக்குத் தனி வரி கொடுங்கள். அது இன்னும் மரியாதையாகவும் இருக்கும்.

எண்கள் இந்த வகையின் தனி அழகு. 2, 3, 5, 6, 9 நுனியில் உருண்டைத் துளி தொங்கும். தேதியைப் பெரிதாக வைக்க இதைவிட நல்ல எழுத்து கிடையாது. தேதியை 40 பாயின்டில் தனியாக நிறுத்தி, முகூர்த்த நேரத்தையும் மண்டப முகவரியையும் வேறு எழுத்தில் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, புளோக் எண் இவற்றை மட்டும் டிடோனில் போடாதீர்கள். பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும் எண்கள் அவை.

சரி, தமிழ். ஆங்கிலம் அழகாக அமைந்துவிட்டது; பக்கத்தில் தமிழை எப்படி வைப்பது? இதில்தான் நல்ல வடிவமைப்பாளர்களும் சறுக்குகிறார்கள்.

நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. எழுத்தாணி எந்தப் பக்கம் போனாலும் கீறல் ஒரே அகலம். தடிப்பும் மெலிவும் நமக்கு அச்சோடும் பேனாவோடும் வந்து சேர்ந்தவை. அதனால் தமிழ் எழுத்தின் அடையாளம் கோட்டின் தடிப்பில் இல்லை. சுழியிலும் வளைவிலும் இருக்கிறது. லத்தீன் எழுத்தில் ஒரு குறுக்குக் கோடு உடைந்தாலும் நிற்கும் தண்டை வைத்துக் கண் ஊகித்துவிடும். தமிழில் சுழி உடைந்தால் எழுத்தே மாறிவிடும்.

அருகில் போய்ப் பார்ப்போம். ‘திருமணம்’ என்ற சொல்லில் ‘ண’ மூன்று சுழி. முதல் இரண்டு சுழிகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய சுவர். மெலிவு அதிகமான எழுத்துருவில், சின்ன அளவில், ஃபாயிலில் அடித்தால் ஒன்று அந்தச் சுவர் காணாமல் போகும், அல்லது சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபடும். மூன்று சுழி இரண்டாகிவிட்டால் வீட்டில் நடப்பது ‘திருமனம்’. அப்புறம் ‘ர’. பல எழுத்துருக்களில் துணைக்காலையும் இடையின ‘ர’வையும் பிரிப்பது அடியில் சாய்ந்து இறங்கும் ஒரு சிறு கோடு மட்டுமே. அது மெலிந்து மறைந்தால் ‘ரவி’ என்ற மாப்பிள்ளைப் பெயர் துணைக்காலில் தொடங்கும். புள்ளியும் அப்படியே: ஈற்றில் ‘ன்’ புள்ளி இழந்தால் ‘கண்ணன்’ ‘கண்ணன’ ஆகிவிடுவார்.

ஆகவே ஆங்கில மயிரிழை 12 என்றால் தமிழிலும் 12 தேடாதீர்கள். தமிழின் மெல்லிய கோடு அதைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு இருக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், இரண்டு பத்தியும் ஒரே கருமையில் தெரியவேண்டும். பொருத்தம் என்பது அந்தக் கருமைதான். செரிஃபுக்கு செரிஃப் தேடுவது வீண் வேலை. மிதமான தடிப்பும் மெலிவும் உள்ள தமிழுக்கு டீரோ தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே இருக்கின்றன. டீரோ தமிழ் நூல் அச்சின் மரபைப் பார்த்து வரைந்தது. பத்தியாக அமைந்த அழைப்பு வாசகத்துக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். நோட்டோவில் எடைகள் பல இருப்பதால் கருமையை நுணுக்கமாகப் பொருத்தலாம். எதை எடுத்தாலும் ‘ப’, ‘ட’, ‘ம’ மூன்றையும் பெரிதாக அடித்துத் தடிப்பு நிற்கும் கோட்டில் விழுகிறதா, படுத்த கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள். டிடோன் பக்கத்தில் படுத்த கோடு தடித்த தமிழை வைத்தால் ஒன்று வலப்பக்கம் இழுக்கும், இன்னொன்று கீழே இழுக்கும்.

அளவைப் பாயின்ட் எண்ணை வைத்துப் பொருத்த முடியாது. ‘ப’வின் உயரம் ஆங்கிலச் சின்ன ‘எக்ஸ்’ உயரத்துக்கும் பெரிய ‘எச்’ உயரத்துக்கும் நடுவில் விழும்படி தமிழின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு 1.3 போதும் என்றால் தமிழுக்கு 1.5 முதல் 1.6 வேண்டும், மேலே ‘ீ’ கொக்கியும் கீழே ‘ஞ’, ‘ழூ’ வாலும் போக இடம் தேவை.

ஆங்கிலப் பெயரை விரித்து வைத்த அழகைப் பார்த்துத் தமிழையும் விரிப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். ‘கோ’ என்பது கண்ணுக்கு மூன்று துண்டு: கொம்பு, ‘க’, துணைக்கால். எழுத்திடைவெளி கூடினால் அந்த மூன்றும் தனித்தனி எழுத்தாகி ‘இளங்கோ’ சிதறிப்போவார். தமிழுக்கு 10-க்கு மேல் டிராக்கிங் வேண்டாம். பெரிதாகத் தெரியவேண்டுமென்றால் அளவைக் கூட்டுங்கள், சுற்றிலும் வெற்றிடம் விடுங்கள். செயற்கைத் தடிப்பும் கூடாது. மென்பொருள் சுற்றிலும் ஒரு கோடு பூசுவதுதான் அது; முதலில் அடைபடுவது ‘ண’, ‘ஞ’, ‘ஜூ’. ஃபாயிலில் தமிழ் என்றால் 16 பாயின்டுக்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

அடோபி மென்பொருளில் தமிழ் கொம்பு இடம் மாறி ‘ெக’ என்று வந்தால் ஃபான்டைத் திட்டவேண்டாம். பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி காம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பாமினி போன்ற பழைய குறியாக்க ஃபான்டில் அடித்த கோப்பு கையில் இருந்தால் அதை முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதிய எழுத்துருவைத் தேர்ந்த நொடியில் வாசகம் முழுக்க ஆங்கிலக் குப்பையாகிவிடும்.

கடைப் பலகைக்கு வருவோம். நல்ல பார்வை பிரித்தறியும் அளவு ஏறக்குறைய 1 ஆர்க் நிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 10 மீட்டர் தூரத்தில் அது 3 மில்லிமீட்டர். எதிர்ச் சாரியிலிருந்து, 15 மீட்டரில், மயிரிழை தெளிவாகத் தெரியவேண்டுமென்றால் அது 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கவேண்டும். 12 பங்கு மயிரிழைக்கு எழுத்தின் அளவு 360 மில்லிமீட்டரைத் தாண்டும். கடை வாசலில் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதைக்கு மேலே உள்ள பலகையில் அத்தனை இடம் கிடைப்பது அபூர்வம். பின்னால் விளக்கு வைத்த பலகையில் ஒளி வழிந்து மெல்லிய கோட்டை இருபுறமும் கடிக்கும். அக்ரிலிக்கில் வெட்டி ஒட்டுவதாக இருந்தால் மயிரிழை ஒடியும். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டை வெட்டச் சொல்லாதீர்கள். பலகைக்கு 6 அல்லது 11 பாயின்டுக்காக வரைந்த வெட்டைப் பெரிதாக்கிப் பயன்படுத்துவது இந்த வேலையில் நல்ல தந்திரம். தூரம் எழுத்தைச் சிறிதாக்கிவிடுகிறது, அதனால் சிறிய எழுத்துக்கான வெட்டே அங்கே பொருந்துகிறது.

திரைக்கும் அதே கணக்கு. 16 பிக்சலில் 12 பங்கு மயிரிழை 0.19 பிக்சல், கறுப்பு கிடைக்காது, வெளிறிய சாம்பல்தான். இரட்டை அடர்த்தித் திரையில் முழு ஒரு பிக்சல் கிடைக்க எழுத்து 42 பிக்சலாவது வேண்டும். தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பிதழ்ப் படம் சுருங்கி, அழுத்தப்பட்டு, பெரியப்பாவின் கைப்பேசியில் எப்படித் தெரியும் என்பதையும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். அச்சுக்குச் செய்த கோப்பை அப்படியே அனுப்பாமல், சிறிய அளவுக்கான வெட்டில் தனியாக ஒரு படம் செய்வது அரை மணி நேர வேலை.

அச்சகத்துக்குக் கொடுக்கும் கோப்பில் எழுத்துகளை அவுட்லைனாக மாற்றி, மாற்றாத பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மயிரிழை உடைகிறதே என்று 0.1 பாயின்ட் கோடு பூசித் தர அச்சகத்தார் முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சிறிய அளவுக்கான வெட்டை மாற்றிக் கொடுங்கள். பூசிய கோடு செரிஃபின் கூர்மையை மழுக்கி, தடித்த கோட்டையும் ஊதவைத்துவிடும். புரூஃப் கேட்கும்போது அதே தாளில், அதே மையில், அதே ஃபாயிலில் கேளுங்கள். வேறு தாளில் டிஜிட்டலாக அடித்த மாதிரி வண்ணத்தைக் காட்டும், மயிரிழையைக் காட்டாது. கையில் வந்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், 10 மடங்கு பெருக்கும் லூப்பை வைத்து மூன்று இடம் பாருங்கள்: ஆங்கிலப் பெயரில் ‘எச்’ அல்லது ‘ஏ’யின் குறுக்குக் கோடு, தமிழில் ‘ர’வின் கால், ‘திருமணம்’ என்ற சொல்லின் ‘ண’. மூன்று சுழியையும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.